மொத்தம் என்று எழுதியிருப்பது

பொருத்தியது ஐந்நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
அறிக்கையின் முதல் வரி
நானூற்று எண்பத்தாறு என்கிறது.
கெர்னல் தனக்கானதை எடுத்துவைத்துக்கொண்டு
மிச்சத்துக்கு மொத்தம் என்று பெயரிடுகிறது.
கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் போட்டவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
டன்னுக்கு இத்தனை கிலோ என்று கழித்த பிறகுதான்
அங்கேயும் எடை தொடங்கும்.

பர்கூர் சாலை, கூழ்த் தொழிற்சாலை, ஜூன்.
எடைமேடை ஓரமாக ஒரு தகரக் கூண்டு,
கூண்டுக்குள் சின்னக் கம்ப்யூட்டர்,
அதன் தலையில் யாரோ வைத்தெடுத்த டீ கிளாஸின் வட்டம்.
மூன்று நாளைக்கு ஒரு தடவை உறைந்துபோகும்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
நெடுஞ்சாலை வரை வால் நீட்டி நிற்கும்.
ஞாயிறு இரவும் அப்படித்தான்,
அணைத்துப் போட்டு எழுப்பினேன்.

திங்கள் சாயங்காலம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் திம்மராயன்
காலி என்ற வரியில் விரல் வைத்தார்.
"ஒம்பதுதான் இருக்குது மேடம்.
வேற மெமரி வாங்கிப் போட்டுரலாமா?"
சிரித்தேன்.
காலியாகக் கிடந்தால்தான் வீண் என்றேன்.
கீழே கேஷ் என்று இருக்கிறது பாருங்கள்,
ஒருமுறை படித்ததை மறுபடி கேட்பார்களோ என்று
போட்டு வைத்திருக்கிறது,
யாராவது இடம் கேட்டால் அந்தக் கணமே கொட்டிவிடும்.
தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமை.
நான் சொன்னது சரி.
புதன் இரவு மேடை நின்றது.

வெள்ளி இரவு பதினொன்றுக்கு
ஒவ்வொரு புரோகிராமாகக் கேட்டேன்.
எடை பார்ப்பது எழுபது என்றது.
சீட்டு அடிப்பது எழுபது.
கணக்கு அனுப்புவதும் எழுபதாம்.
பாலக்கோட்டில் எங்களுக்கு ஒரு கிணறு.
அப்பா பத்திரத்தில் அது உண்டு,
சித்தப்பா மாதையன் பத்திரத்தில் உண்டு,
பெரியப்பாவும் பயிர்க்கடன் மனுவில்
கிணறு ஒன்று என்றே எழுதியிருந்தார்.
பேங்க் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு
மற்ற ரெண்டு எங்கே என்று கேட்டாராம்.
அதே கதைதான் இங்கேயும்:
அறுபது மூவருக்கும் பொது,
பத்துப் பத்துதான் சொந்தம்.
பங்கு பிரித்தால் ஆளுக்கு முப்பது, ஆகத் தொண்ணூறு.

அப்படியானால் இருநூற்றைம்பது எங்கே?
எவரும் வாங்கவில்லை.
கேஷும் இல்லை, காலியும் இல்லை.

அறிக்கையை முதன்முறையாகக் கடைசிவரை படித்தேன்.
இருபது வரிக்கும் கீழே
கெர்னல் தன் கையிருப்பைத் தானே எழுதியிருந்தது,
திரும்பப் பெற முடியாதது என்று தலைப்புப் போட்டு.
இருநூற்றைம்பத்து மூன்று.
மறுபடி பார்த்தபோது கொஞ்சம் கூடியிருந்தது.
திங்களன்றும் அந்த வரி அங்கேதான் இருந்தது,
திம்மராயன் விரலுக்கு ஒரு சாண் கீழே.

எடைமேடையின் டிரைவர்.
லாரி டிரைவர் இல்லை, கெர்னலுக்குள் இருப்பது.
நொடிக்கு எட்டுத் தடவை மேடையைக் கேட்கும்,
விடையை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட்டில் குறிக்கும்,
மேலே சொல்லிவிட்டுக் குறிப்பைக் கிழிக்க மறந்துவிடும்.
மேடையில் லாரி இருந்தாலும் குறிக்கும்.
ஆளில்லாத ராத்திரியில்
சுழியம், சுழியம், சுழியம்.
ஒன்றுமே ஏறாத எடையைத் தூக்கித் தூக்கி
மூன்று நாளில் மூச்சு முட்டியிருக்கிறது.

எழுதியது யார் என்று தேடினேன்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, என் பெயர்.

ஒரு வரி சேர்த்தேன்.
நாலரைக்கு முதல் லாரியை விட்டோம்.
காவேரிப்பட்டணத்து வண்டி, பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
இறங்கிப் போனது. எண் ஏறவில்லை.
"இப்ப எவ்ளோ காலி மேடம்?"
பார்த்துச் சொன்னேன்: எட்டு.
அவர் முகம் போன போக்கைப் பார்த்து
இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

கேட்கிற ஒவ்வொரு முறையும்
பதில் எழுத கெர்னல் ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது,
நாலு கிலோபைட்.
படித்து முடித்ததும் திருப்பிவிடும்.
வெளியே காவேரிப்பட்டணத்துக்காரர்
சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
கழிவு எவ்வளவு போட்டீங்க என்று
கேட்டுக்கொண்டிருந்தார்.