விலைச்சீட்டு

படம் எடுக்கப்போகும் மார்னி
ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பிவிட்டாள்:
பொடிக்கட்டம் வேண்டாம், கேமராவில் நெளியும்.
எழுத்துப் போட்ட சட்டை வேண்டாம்.
இருவரும் ஒரே நிறத்தில் வந்து
பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி நிற்க வேண்டாம்.
ஒத்துப்போனால் போதும், ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

கடைசி வரியும்
உடையைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் என்ன இருக்கிறது என்றேன் வென்டெலிடம்.
ஃபிளானல் சட்டைகள் ஆறு.
சிவப்புக் கட்டம், கொஞ்சம் வெளுத்த சிவப்புக் கட்டம்,
அதே கட்டத்தில் முழங்கை போனது ஒன்று.
ஒரு சூட்டும் இருந்தது.
முதல் மனைவியைப் பிரிய
கோர்ட்டுக்குப் போவதற்காக வாங்கியது.
அதன் பையில் பார்க்கிங் ரசீது அப்படியே கிடந்தது:
இரண்டு மணி நேரம், நான்கு டாலர்.
அவ்வளவு சீக்கிரமா முடிந்தது?
அதிலும் பாதி நேரம்
லிஃப்டுக்குக் காத்திருந்தோம் என்றான்.

என் அலமாரி மட்டும் என்ன யோக்கியம்.
நீலம், பல் மருத்துவமனை வேலைக்கு நேர்காணல்.
சாம்பல், அப்பாவை அடக்கம் செய்த நாள்,
பிறகு இன்னும் இரண்டு அடக்கங்கள்,
அதற்கென்றே நேர்ந்துவிட்டதுபோல் ஆகிவிட்டது.
பச்சை எனக்கு எடுக்கும்.
ஆனால் பச்சையில் என்னை வேறொருவன் படம் எடுத்திருக்கிறான்.
அதில் நான் சிரிக்கும் சிரிப்பு நிஜம்.
அதுதான் தொல்லை.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்தோம்.
அவன் சட்டையின் கை ஒன்று
என் பாவாடைமேல் தானாக விழுந்து கிடந்தது.
ஆளே இல்லாமல் அவை
எங்களைவிட நன்றாகப் போஸ் கொடுத்தன.
பூனை வந்து நடுவில் சுருண்டுகொண்டது.

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
கடுகு மஞ்சளில் ஒரு கவுன்.
நூற்றுத் தொண்ணூறு டாலர்.
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம்,
சீட்டு மட்டும் அறுபடக் கூடாது.
பிடரிக்குக் கீழே சீட்டை உள்ளே மடித்து
ஊக்கு ஒன்று குத்திக்கொண்டேன்.
ஒரு சாயங்காலம்தானே. வியர்க்காமல் இருந்தால் போதும்.
அக்டோபரில், டூலூத்தில், ஏரிக்கரையில்
யாருக்கு வியர்க்கப் போகிறது.

அவன் அந்தக் கோர்ட்டு கோட்டுக்குள்
சிவப்பு ஃபிளானலைப் போட்டு வந்தான்.
பெரிய கட்டம் பரவாயில்லை என்று மார்னி இறங்கிவந்தாள்.
நெற்றியோடு நெற்றி வையுங்கள்.
அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.
அவனுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு.
ஒரு பாதிச் சுற்றுச் சுற்றிவிட்டான்.

தாது ஏற்றிய கப்பல் ஒன்று
எங்களைப் பார்த்தா, பாலத்தைப் பார்த்தா தெரியாது,
நீளமாக ஊதியது.
அதன் பின்னாலேயே காற்று வந்தது.
ஊக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த சீட்டு
என் காதிலேயே அறைந்தது.

அட, இதை எடுக்க மறந்துட்டியே என்றான்.
கொதிகலன் பழுதுபார்க்கப் போகும் இடமெல்லாம்
கூட எடுத்துப்போகும் சின்னக் கத்தி.
நான் வாய் திறப்பதற்குள்
பிடரியில் குளிர்ந்த இரண்டு விரல்.
நறுக்.

குப்பையாகிவிடக் கூடாதென்று
சீட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்,
நான்கு டாலர் ரசீது இருந்த அதே பையில்.

அந்த நொடியைத்தான் மார்னி எடுத்திருக்கிறாள்.
கண் விரிந்து, உதடு பாதி பிரிந்து,
நான் அவனைத் திரும்பிப் பார்க்கிறேன்.
நாற்பது படங்களில் இதுதான் படம் என்கிறார்கள் எல்லோரும்.
காதலை அப்படியே பிடித்துவிட்டாள்
என்று அக்கா கார்லா ஃபோனில் அழுதாள்.
நான் ஆமாம் என்றேன்.

கடுகு மஞ்சள் எனக்குக் கொஞ்சமும் எடுக்கவில்லை.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
முப்பது நாள் போன வியாழனோடு முடிந்தது.
நான் எண்ணவில்லை.

எண்ணினேன்.