நாற்பத்துமூன்றாம் அளவு

கூடாரம் வந்தது; கம்பிகள் வரவில்லை.
அவை அல்மாத்தியில், எங்கள் பால்கனியில்,
தக்காளி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்
சாய்ந்து நிற்கின்றன. தெளிவாக நினைவிருக்கிறது,
மறந்துவிடக் கூடாதென்று நான்தான் அங்கே வைத்தேன்.

"கம்பிகளை எடுத்து வைப்பதாக யார் சொன்னது?"
ராவ்ஷான் கேட்டாள்.
நான் பள்ளத்தாக்கைக் காட்டினேன்.
மாலை வெயில் ஏறிய செம்பாறைக் கோட்டைகள்,
அடியில் சாரின் ஆறு, கரையில் ஆஷ் மரத் தோப்பு.
"என்ன அழகு பார்," என்றேன்.
"கம்பி," என்றாள்.

இதில் வாதிமும் தெமிர்கானும் வேறு.
பிப்ரவரியிலிருந்து பேச்சு கிடையாது:
ஒரு கார், ஒரு கடன், ஒரு நொறுங்கிய முன்விளக்கு.
அவனிடம் இவன் வரவில்லை, இவனிடம் அவன் வரவில்லை என்று
சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள் ராவ்ஷான்.
பெட்ரோல் பங்க்கில் குட்டு உடைந்தபோது
இருவரும் ஒரே சமயத்தில் டயரைப் பார்க்கக் குனிந்தார்கள்.
டயர் நன்றாகத்தான் இருந்தது.

முலாம்பழம் முதலில் போனது.
வழியில் லாரிக்காரர் தூர்சுனிடம் வாங்கியது,
கைக்குழந்தை கனம். குளிரட்டும் என்று
ஆற்றோரம் கல் அணைகொடுத்து வைத்தோம்.
இருட்டில் களக் என்று ஒரு சத்தம்.
டார்ச் வெளிச்சத்தில் மஞ்சளாய் ஒரு மொட்டைத்தலை
திரும்பியும் பார்க்காமல் வளைவு தாண்டியது.

இரவு, கம்பியில்லாக் கூடாரத்தைப் போர்த்திக்கொண்டு
ஒரே உறைக்குள் நாலு கடிதங்களாய்க் கிடந்தோம்.
காற்று எங்களைப் பிரித்துப் படிக்கப் பார்த்தது.
வாதிமின் குறட்டைக்குத் தெமிர்கான் பதில் குறட்டை விட்டான்;
அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல முடியாது.

காலையில் ஆற்றைக் கடந்தோம்.
பனிமலை இறங்கிய தண்ணீர். முழங்காலில்
கோபமாய் இருந்தது, இடுப்பில் பைத்தியமாய்.
நனையக் கூடாதென்று தெமிர்கான் ஷூ இரண்டையும்
முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலையாக அணிந்திருந்தான்.
நடு ஆற்றில் முடிச்சு அவிழ்ந்தது.
வலதைப் பிடித்தான். இடது,
படகாகவே பிறந்ததுபோல் போயிற்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டான்:
நாற்பத்துமூன்று.

கார் நிற்கும் மேட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.
கூழாங்கல், முள், கொதிக்கும் மணல்.
எங்களில் இன்னொரு நாற்பத்துமூன்று
வாதிம் மட்டும்தான்.
அவன் ஆற்றைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.
பிறகு உட்கார்ந்து, தன் இடது ஷூவைக் கழற்றி,
மணலைத் தட்டிவிட்டு நீட்டினான்.
"அரை மணி நேரம். அப்புறம் என் முறை."
ஆறு மாதத்தில் அதுதான் முதல் வாக்கியம்.

இரண்டு பேர், மூன்று ஷூ.
வெறும் பாதத்துக்கு ராவ்ஷானின் கம்பளித் தொப்பி.
அரை மணிக்கொரு தரம் உட்கார்ந்தார்கள், மாற்றினார்கள்,
நேரத்தில் ஏமாற்றுகிறாய் என்று கத்தினார்கள்.
முன்விளக்கு வந்தது, கடன் வந்தது,
ஒருவன் அம்மாவைப் பற்றி
மற்றவன் குடித்துவிட்டுச் சொன்னதும் வந்தது.
நாங்கள் நூறடி முன்னால் நடந்தோம்.
பாறைச் சுவர் எல்லாவற்றையும்
இரண்டு முறை சொன்னது.

ஆறாவது மாற்றலில் சத்தம் இல்லை.
திரும்பினேன்.
ஒருவன் குனிந்து லேஸ் கட்டுகிறான்.
மற்றவன் அவன் தோளைப் பற்றி
ஒற்றைக்காலில் நிற்கிறான், கொக்காய்.

மேட்டில் கார் கிளம்பவில்லை.
கம்பி தேடியபோது உள்விளக்கை
அணைக்காமல் விட்டது யார் என்று
ராவ்ஷான் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

தூர்சுன்தான் லாரியோடு வந்து கயிறு கட்டினார்.
நாலு கால்களையும் மூன்று ஷூக்களையும்
ஒரு முறை எண்ணினார், மறுபடி எண்ணினார்,
காரணம் கேட்கவில்லை.
காசும் வாங்க மறுத்துவிட்டார்.
"அது கிடக்கட்டும். நேற்றுக் கொடுத்த பழம் எப்படி?"

வாதிமும் தெமிர்கானும்
ஒரே மூச்சில் சொன்னார்கள்:
"தேன்."

"விதையைக்கூட விடவில்லை," என்றான் தெமிர்கான்.