காத்திருப்பு நேரம், நிமிடங்களில்

செவ்வாய்க்கிழமை சுகர் நாள்.
அஞ்செட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில்
எடை மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கொரு ஸ்டூல்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
சீட்டு வாங்கியது, ரத்தம் கொடுத்தது,
டாக்டர் பார்த்தது, மாத்திரை கைக்கு வந்தது.
கடைசியிலிருந்து முதலைக் கழிக்க வேண்டும்.
கழித்தல் எனக்கு நன்றாக வரும்.

எப்போ வந்தீங்க என்றேன் கெம்பம்மாவிடம்.
"எங்கிருந்து எண்ணுறது?"

ராத்திரி ராகிக் கொல்லையில் காவல்.
மூணு மணி வரைக்கும் தகரம் தட்டியிருக்கிறாள்.
யானை போனதும்
வெறும் வயிற்றோடு உரிகம் ரோட்டுக்கு நடந்து
முதல் பஸ்.
என் முன்னால் நின்றபோது எட்டு இருபது.
எட்டு இருபது என்று எழுதினேன்.

தாமதத்துக்கான காரணங்களில்
யானைக்குக் குறியீடு கிடையாது.
99, மற்றவை.

ஆறு வாரம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நிரம்பாத படிவங்களை நீக்கிவிட்டுச்
சராசரி எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.
எடுத்தேன். நூற்றுத் தொண்ணூறு நிமிடம்.
பரவாயில்லை என்றார்கள் எல்லோரும்.

நீக்கியதை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தேன்.
மின்சாரம் போன மதியம்
சும்மா புரட்டினேன்.
நாற்பத்தேழு பேர். நாலாவது கட்டம் காலி.
உரிகம், உரிகம், கோட்டையூர், உரிகம்.
ஒன்று பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்கு;
கொல்லைக்கு இருட்டுமுன் ஆள் வேண்டும்.
ரிசல்ட் வருமுன்
பழைய மாத்திரையையே போட்டுக்கொள்ளலாமென்று
எழுந்து போயிருக்கிறார்கள்.
காத்திருக்க முடிந்தவர்களின் சராசரியைத்தான்
நான் அழகாகக் கோடு போட்டு வரைந்திருந்தேன்.

லேபில் ஜபீனாவிடம் பேசினேன்.
தட்டு நிரம்பினால்தான் மெஷின் ஓட்டுவாள்.
"பஸ்காரங்க டியூபுல சிவப்பு நூல் கட்டுங்க,
பத்து சேர்ந்தா ஓட்டிடுறேன்" என்றாள்.
காசு செலவில்லை. நூல்
கட்டு போடும் அறையிலேயே இருந்தது.

அடுத்த ஆறு வாரத்துக்குச் சராசரி
இருநூற்று ஒன்று.
கிருஷ்ணகிரிக் கூட்டத்தில் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
கூடிப்போச்சே, எதுக்கம்மா இந்த நூலெல்லாம்?

கூடிய பதினோரு நிமிடத்தில்
நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள் சார் என்றேன்.
குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ.

இந்தச் செவ்வாய் கெம்பம்மா
பன்னிரண்டு ஐம்பதுக்கே
புது மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு
பஸ் ஸ்டாண்டில் நின்றாள். நாலு கட்டமும் நிரம்பிய படிவம்
என் மடியில்.

ஒன்று பத்து பஸ்
ஒன்று நாற்பதுக்கு வந்தது.
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்.