இல்லாத பாலம் பற்றிய மனு

ஒட்டுசுட்டான் சந்தியில் என் கடை.
போட்டோக் கொப்பி பத்து ரூபா,
மனு ரைப் அடிக்கப் பக்கம் நூறு.
பதினொரு வருடமாக
ஊரின் குறைகளுக்குக் காற்புள்ளி வைக்கிறேன்.

இன்று பனிச்சங்கண்டலில் இருந்து ஒன்பது பேர்,
ஒரு லாண்ட் மாஸ்டரில்.
முழங்கால் வரை சேறு.
"ஜனாதிபதிக்கு எழுதவேணும் தங்கச்சி,
நேரா அவருக்கே.
இடையில இருக்கிறவைக்கு எழுதி
இடையிலயே கிடக்குது."

'மாட்சிமை தங்கிய' என்று தொடங்கினேன்.
செபமாலை அண்ணர் கையை உயர்த்தினார்:
"வோட்டுக் கேட்டு வரேக்க
அந்தாள் எங்களை அப்பிடிக் கூப்பிடேல்ல.
ஐயா எண்டு போடு, காணும்."

ஐயா,
எங்கள் ஆற்றுக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது.
கச்சேரிக் கோவையில் இருக்கிறது.
கரையில் நட்ட பலகையில் இருக்கிறது,
மூன்று மொழியில், ஒரு கோடியே நாற்பது லட்சம்,
நிறைவு செய்த திகதியோடு.
ஆற்றில் மட்டும் இல்லை.

மார்கழியில் தண்ணீர்
பலகையின் இடுப்பு மட்டும் வரும்.
தவமலர் வலி எடுத்து
உழவு மெசின் பெட்டிக்குள் கிடந்தபடி
அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வெள்ளம் வடியுமட்டும், விடியுமட்டும்.
பிள்ளை பெட்டியிலேயே பிறந்தது.
சுகமாக இருக்கிறது, ஓடித் திரிகிறது.
அது கடவுளின் கணக்கு.
திணைக்களத்தின் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

பாலம் கேட்டு நாலு தரம் விண்ணப்பித்தோம்.
நாலு தரமும் ஒரே பதில்,
எங்களுக்குத் தெரியாத மொழியில்.
வவுனியாவில் ஒரு பொடியன் வாசித்துச் சொன்னான்:
ஏற்கெனவே பாலம் உள்ள இடத்துக்குப்
புதிய பாலம் ஒதுக்க ஏற்பாடில்லை.

ஆகவே ஐயா, நாங்கள் பாலம் கேட்கவில்லை.
பாலம் இல்லை என்று
ஒரு கடிதம் கேட்கிறோம்.
ஒரே ஒரு வரி, உங்கள் கையெழுத்தோடு.
அது வந்தால்தான்
பாலம் கேட்கும் தகுதி எங்களுக்கு வரும்.

இந்த இடத்தில் விரலை எடுத்தேன்.
"களவெடுத்தவையின்ர பேர் போடேல்லையோ?"

யாரும் பேசவில்லை.
மேசை விசிறி ஒவ்வொரு முகமாகப் பார்த்து
இல்லை இல்லை என்று தலையாட்டியது.
ஒருவரின் மருமகன் அந்தக் கந்தோரில் அமையப் பணியாளர்.
ஒருத்தியின் உதவிப்பணம்
அந்த மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்ற கிருபைராசா,
கடைகளுக்குப் பேர் எழுதுகிற பெயின்ரர்,
மூக்கைச் சொறிந்தார்.
"அந்தப் பலகை நான் எழுதினது.
ஆறு எங்க கிடக்கெண்டே எனக்குத் தெரியாது.
வானில கொண்டுவந்து தந்தவை,
ஒரு ராத்திரியில முடிச்சுக் குடுத்தன்.
ஏழாயிரம் பேசி ஐயாயிரம் தந்தவர்,
மிச்சம் ரெண்டாயிரம் இன்னும் இல்லை.
என்ர பேரைப் போடுங்கோ.
அவற்ற பேரையும் நானே சொல்லுறன்."

எழுத்துக்கூட்டிச் சொன்னார்.
பலகை எழுதுகிறவர் அல்லவா,
ஒரு குற்றுக்கூடத் தவறவில்லை.

பிறகு எல்லாரும் ஒப்பம் வைத்தார்கள்.
செபமாலை அண்ணரின் பேனை
இரண்டு இடத்தில் கடுதாசியைக் கிழித்தது.
தவமலர் கேட்டாள்:
"பிள்ளையின்ர பேரும் போடலாமே?"
"வயது?"
"மார்கழியோட மூண்டு."
போட்டேன்.

தபால் கந்தோர் எதிரேதான்.
விலாசம் எழுதக் கூடவே போனேன்.
பதிவுத் தபால் வாங்குகிற பெட்டை
உறையை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"உள்ளுக்க பெறுமதியா ஏதும் இருக்கோ?"
செபமாலை அண்ணர் கொஞ்சம் யோசித்தார்.
"ஒரு கோடியே நாற்பது லட்சம்."
அவள் சிரிக்கவில்லை.
ரசீதை மட்டும் கிழித்துக் கொடுத்தாள்.

கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
ஆறு பெருகமுன் போகவேண்டுமென்று
அவசரமாக ஏறினார்கள்.
நான் கடைக்கு வந்து பிரதியைக் கோவையில் கோர்த்தேன்:
பனிச்சங்கண்டல், ஐந்தாவது.
கம்பியில்
இன்னும் இடம் இருக்கிறது.