அருஞ்சொற்பொருள்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
நகைக்கடன் கிளையில்
உரைகல்லும் தராசும் என் பொறுப்பு.
ஞாயிற்றுக்கிழமைகளில்
திடப்படுத்தல் வகுப்பின் பதினோரு பிள்ளைகளும்.

தமிழில் ஜெபிப்பார்கள், ஆங்கில எழுத்தில் படிப்பார்கள்,
சண்டை மட்டும் கன்னடத்தில்.
"கடினமான வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் எழுதி
ஒரே பக்கத்தில் கொடுத்துடுங்க, ஜோதாம்"
என்றிருந்தார் ஆயர்.

மீட்பு எனக்குச் சுலபம்.
தினமும் முத்திரை குத்துகிற சொல்.
அசலும் வட்டியும் கட்டி
உன்னுடையதை நீயே திரும்ப வாங்குவது
என்று எழுதி, அடித்தேன்.
உனக்காக வேறொருவர் கட்டுவது.
அப்படி யாரும் கவுண்டருக்கு வந்து
நான் பார்த்ததில்லை.

கிருபைக்குத்
தலைமை அலுவலகச் சுற்றறிக்கை இருக்கிறது:
ஏழு நாள் சலுகை,
இதுவரை தவணை தவறாதவர்களுக்கு மட்டும்.
அதற்கு நேரெதிராக எழுதினால் போதும்.
எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, ஐந்தாகப் பத்து நிமிடம்,
கெத்சியாள் வந்தாள்.
கம்மனஹள்ளி பி.ஜி.யில் சப்பாத்தி தேய்க்கிறவள்,
முழங்கை வரை மாவு.
எங்கள் சபைதான்; இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு.
பதினோரு கிராம் நானூறு,
கல் இல்லை, அரக்கு இல்லை,
என் கல்லில் நானே உரசிப் பார்த்த செயின்.
மறுநாள் ஏலம்.
நோட்டுகளை எண்ணி வைத்தாள்,
பிறகு பத்து ரூபாய்க் காசுகளை
கோபுரம் கோபுரமாய் அடுக்கினாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது குறைந்தது.

என் சட்டைப்பையில் இரண்டாயிரம் இருந்தது,
ஸ்கூட்டர் டயருக்கு.
வாடிக்கையாளருக்கு ஊழியர் கைமாற்று தரக்கூடாது
என்று ஒரு விதியும் இருந்தது.
அந்த விதிக்கு அன்று நான்
எவ்வளவு நன்றியுள்ளவனாக இருந்தேன்!

அவள் கெஞ்சவில்லை.
கோபுரங்களைக் கலைத்து முந்தானையில் முடிந்துகொண்டு
"வர்றேன் தம்பி" என்றாள்.

ஷட்டரை இறக்கிக்கொண்டே
"ஐயோ, பாப" என்றான் மஞ்சுநாத்.
பாவம், என்றேன் நானும்.

சொல்லிவிட்டு நின்றேன்.
தெருநாய்க்கு அடிபட்டால் சொல்வது,
மழையில் நனைகிற போலீஸ்காரனுக்குச் சொல்வது.
அடுத்தவர் மேல் லேசாகப் போர்த்திவிட்டு
நகர்ந்துவிட முடிகிற சொல்.
அவள் பாவம்.
சரி, யாருடைய?
இரண்டு அர்த்தத்துக்கும் நடுவே
எங்கள் கவுண்டரின் கண்ணாடி,
அடியில் பணம் தள்ள ஒரு சந்து.

ஞாயிறு, திருவிருந்து.
மண்டியிட இடமில்லாமல்
பீடத்துக்கு முன் வரிசையில் நின்றேன்.
கழுத்தில் வெறும் நூல் கயிற்றோடு குனிந்திருந்தவள்
நிமிராமலே பக்கவாட்டில் ஒதுங்கி
ஓர் ஆள் அளவு இடம் விட்டாள்.
நான் என்று தெரிந்தா, தெரியாமலா,
இன்றுவரை கேட்கவில்லை.

வகுப்பில் தாள்களைக் கொடுத்ததும்
ஜெரூஷா கை தூக்கினாள்.
"அங்கிள், பாவத்துக்கு நேரா ஒண்ணுமே எழுதல.
கோடிட்ட இடத்தை நாங்களே நிரப்பணுமா?"
இல்லை, நான்தான் நிரப்பணும்
என்று பேனாவைத் திறந்தேன்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில்
என் ஸ்கூட்டர் நின்றது,
பின்சக்கரம் புத்தம் புதிது.