அசையக் கூடாது

பனகல் சாலை ஸ்கேன் சென்டர், அடித்தளம்.
அக்னி நட்சத்திரத்திலும் இங்கே இருபது டிகிரி.
இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது.
கொலுசு, கொண்டை ஊசி, சில்லறை.
தாலியைக் கழற்றத் தயங்குகிறவர்களுக்காக
என் டிராயரில் எப்போதும்
ஓர் உருண்டை மஞ்சள் கயிறு.

ஹெட்போன் மட்டும் போகலாம்.
அது வெறும் காற்றுக்குழாய்,
பாட்டு அதில்
அடுத்த தெருக் கல்யாணம் மாதிரிதான் கேட்கும்.

மெஷினைப் பொருத்த வந்த என்ஜினியர்
சோதிக்கச் செருகிய பென் டிரைவை மறந்து
ரயிலேறிவிட்டார்.
முப்பத்தேழு பாட்டு. பெயர் கிடையாது, எண்கள்தான்.
இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது,
முப்பத்தேழும் ஒரே பாட்டு.

போஸா நோவா என்றார் டாக்டர்.
பிரேசில் சரக்கு,
ஜாஸ்காரர்கள் அத்தனை பேரும் ஒரு கை பார்த்த மெட்டு.
போர்த்துகீஸ் எனக்குத் தெரியாது.
வீட்டில் சௌராஷ்ட்ரம், வெளியே தமிழ், ரிப்போர்ட்டில் ஆங்கிலம்;
இன்னொரு பாஷையைப் பார்த்துப் பயமில்லை.
அர்த்தம் தேடவும் இல்லை.

ஒன்றாம் எண்,
மாடி வீட்டுக் குழந்தை எழுந்துவிடாமல் பாடுகிறவன்.
நான்கில் சாக்ஸபோன்
வெந்நீர் பதம் பார்ப்பதுபோல்
ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைக்கிறது.
பதினொன்றில் ஒருத்தி
தாளத்துக்குப் பின்னாலேயே வருகிறாள்.
பஸ்ஸை விட்டுவிடுவாள் என்று ஒவ்வொரு முறையும் பதறுவேன்.
ஏறிவிடுவாள்.
முப்பத்தொன்றில் பியானோ மெட்டைத் தொடுவதே இல்லை.
புள்ளி மட்டும் வைத்துவிட்டு
கோடிழுக்காமல் எழுந்துபோன கோலம்.

கழுத்துக்குப் பதினெட்டு நிமிடம்,
ஆறு பேர் பாடி முடிப்பார்கள்.
முதுகென்றால் எட்டு பேர்.
மாட்டுத்தாவணி வாழைக்காய் மண்டிக்காரர்
வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"என்னம்மா, ஒரே பாட்டை
ஆளாளுக்கு ஏலம் கேக்குறானுங்க."

ஒச்சம்மா, நாற்பத்தொன்று, உசிலம்பட்டி,
ஸ்பின்னிங் மில். கழுத்தில் கட்டி.
சத்தம் பலமாக இருக்கும், பயப்படாதீங்க என்றேன்.
"எங்க மெஷினு முன்னால இதெல்லாம் சத்தமா?"

மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை.
படுக்கையை வெளியே இழுத்ததும் முதல் கேள்வி:
"போன வாட்டி பாடுனவன்
மூணாவது அடிக்கு முன்னால மூச்சு இழுப்பான்.
இவன் இழுக்கலையே,
அவனுக்கு என்ன ஆச்சு?"

தினமும் கேட்கிறேன், எனக்குத் தெரியாது.
அன்று சாயங்காலம் ஒன்றாம் எண்ணைப் போட்டேன்.
ஆமாம். இழுக்கிறான்.

மூன்றாம் முறை படம் கலைந்து வந்தது.
அசையக் கூடாதும்மா, எச்சில்கூட முழுங்காதீங்க.
"அசையலையே."
மறுபடி எடுத்தேன். மறுபடி கலைந்தது.
ஒரு சுற்று முடிந்து
அடுத்தது தட்டத் தொடங்குமுன் வரும் சின்ன இடைவெளியில்
மைக்கைத் திறந்தேன்.
உள்ளே யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள்,
நடுப்பகுதியை, கொஞ்சம் வேகமாக,
கடைசியை மட்டும் நம்மூர்ப் பக்கம் திருப்பி.

"நானா பாடுனேன்?" என்றாள்.
"மில்லுல எல்லாரும் பாடுவோம்.
எவ பாடுறதும் எவளுக்கும் கேக்காது.
அந்தப் பழக்கம்."

டாக்டர் எட்டிப் பார்த்து, வேஸ்ட், திரும்ப எடு என்றார்.
நான்கு நிமிடம் இருபது வினாடி வாயை இறுக்கிக் கிடந்தாள்.
தெளிவாக விழுந்தது.
அதில் என்ன இருந்தது என்பதை
நான் சொல்லக் கூடாது, அவளிடமும் சொல்லவில்லை.
"அடுத்த வாட்டி அந்த மூச்சுக்காரனையே போடுங்க"
என்று தாலியைக் கட்டிக்கொண்டாள்.
மஞ்சள் கயிற்றை டிராயருக்குத் திருப்பித் தரவில்லை.

கலைந்த படத்தை அழித்திருக்க வேண்டும்.
ஒரு தொண்டை, அதன் பக்கத்தில் அதே தொண்டை,
அதற்கும் பக்கத்தில் இன்னொன்று,
ஏழெட்டு வரை எண்ணலாம்,
ஒன்றைவிட ஒன்று மங்கல்.
பெயரை நீக்கினேன், வயதை நீக்கினேன்.
பென் டிரைவ் எண் கேட்டது.
முப்பத்தெட்டு.

ஹெட்போனில் அது கேட்காது.