பங்கேற்பாளர் அறுபத்திரண்டு

அந்தப் பொய் மின்னஞ்சலை எழுதியது நான்தான்.
ஆண்டுக்கு இருமுறை எழுதுவேன், அதற்குத்தான் சம்பளம்.
கல்லூரியில் எத்தனை பேர் தூண்டிலைக் கடித்தார்கள் என்று
எண்ணி மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்.

இன்வர்கார்கில். நியூசிலாந்தின் அடிவிளிம்பு.
இங்கே காற்று கதவைத் தட்டாது,
திறந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்காரும்.

எல்ஸ்பெத் டல்லக் முப்பத்தோரு ஆண்டாக
இங்கே வணிகவியல் எடுக்கிறார். எனக்கும் எடுத்தார்.
பண்ணைப் பிள்ளைகளுக்குச் சமநிலைப் புள்ளியை
ஆட்டு ரோமத்தில் விளக்குவார்:
"எத்தனையாவது ஆட்டைக் கத்தரிக்கும்போது
வங்கிக்காரன் வாயை மூடுவான்?"
கடைசி ஆடு என்றேன்.
தப்பு. ஆனால் "பல வீடுகளில் அதுதான் விடை" என்று
பாதி மதிப்பெண் போட்டார்.

நடுவில் ஏழாண்டு துறைத்தலைவர்.
அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.
சுற்றுலா மேலாண்மைப் பிரிவை மூடச் சொல்லி
மேலேயிருந்து ஓர் அட்டவணை வந்தது.
ஒன்பது பேர், ஒன்பது கடிதம்.
அச்சுக் கையெழுத்து வேண்டாமென்று
ஒன்பதிலும் பேனாவால் எழுதினாராம்.
மறுவாரம் வரை விரலில் மை இருந்தது என்பார்கள்.
நான் பார்க்கவில்லை.

பிறகுதான் ஆராய்ச்சி. தொடங்கிவைத்தது ஒரு கணக்குப் புத்தகம்.
மாலை வகுப்புக்கு வந்த இறைச்சிக்கடை ரோரியின் செலவுப் பக்கத்தில்
மாதந்தோறும் ஒரு வரி: ஹெலன், நானூறு டாலர்.
"யார் இவர், வேலையாளா?"
"இல்லை. இன்னும் நேரில் பார்த்ததில்லை."
வகுப்பு சிரித்தது.
அவர் சிரிக்காமல் பலகையை அழித்தார்,
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சமையலறைகளில், பால் கறக்கும் கொட்டகைகளில்,
ஒரு தடவை பிணவறைக்கு வெளியே வண்டிக்குள்,
அறுபத்தோரு பேரைக் கேட்டார், எப்படி ஏமாந்தீர்கள் என்று.
இல்லை, அப்படிக் கேட்கமாட்டார்.
"அந்த நொடியில் யாரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?"
அதுதான் அவருடைய ஏழாம் கேள்வி.
முட்டாள்கள் ஏமாறுவதில்லை என்று எழுதினார்,
அவர்களுக்கு ஒருவரை நம்பும் பொறுமை கிடையாது.
கல்லூரி முழுக்கப் பார்க்க வேண்டிய
இருபது நிமிடப் பாதுகாப்புக் காணொளியில்
பேசுவது அவர் குரல்.

வெள்ளிக்கிழமை, நாலு ஐம்பது.
"உங்கள் வாகன அனுமதி இன்று முடிகிறது."
கீழே யார் பெயராவது வேண்டுமே என்று
பழைய தொலைபேசிப் பட்டியலில் கண்ணை மூடி விரல் வைத்தேன்:
லக்லன் பர்டி.

திங்கட்கிழமை பட்டியலில் பதினான்கு பேர்.
பன்னிரண்டாவது, டல்லக், எ.

யானைக்கும் அடி சறுக்கும் என்று
நான் நகைத்ததை மறைக்கப்போவதில்லை.
கடிதம் போனது: கட்டாயப் பயிற்சி, இருபது நிமிடம்.
தன் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்,
இடையில் ஓட்டவில்லை.

முடிந்ததும் ஒலிப்பதிவுக் கருவியோடு என் அறைக்கு வந்து
கேள்வித்தாளை என் பக்கம் திருப்பினார்.
"கேள். நான் அறுபத்திரண்டு."

ஆறு வரைக்கும் மளமளவென்று பதில்.
ஏழில் ஜன்னலைப் பார்த்தார். மழை பக்கவாட்டில் பெய்தது.
"லக்லன் ஒன்பதில் நாலாவது கடிதம்.
பெயரைப் பார்த்ததும்
திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள் போல,
வண்டிகளைப் பார்த்துக்கொள்ளவாவது,
என்று தோன்றியது. அழுத்திவிட்டேன்."

அந்தப் பெயரை எங்கே எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை.
நான் சொல்ல வாயெடுத்தேன்.
கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு கட்டம்: இழப்பு, டாலரில்.
பேனாவை வாங்கிச் சுழியம் போட்டார்,
மாணவர் தாளில் போடுவது போல, வட்டமாக.
"பதினொன்றுக்கு வகுப்பு" என்று எழுந்தார்.
தாளைக் கோப்பில் வைத்தேன்.
அந்தக் கட்டத்தில் மை இன்னும் காயவில்லை.